நாக்குக்குத் தெரியாத உப்பு

"உப்புன்னா என்னன்னு தெரிஞ்சுக்கிடப் பள்ளிக்கூடம் போகணுமாக்கும்? நாக்குல வச்சாத் தெரியாதா?"

இப்படிக் கேட்டது என் அத்தை, ஐயாவின் அக்கா. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதிவிட்டு விருதுநகர் விடுதியிலிருந்து தகரப் பெட்டியோடு நான் ஊருக்கு வந்து இறங்கிய அன்று கேட்டாள். ஐயா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். எதிரில் வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, "பாப்பா விஞ்ஞானமெல்லாம் படிச்சிருக்கு. உப்புல மட்டும் எம்புட்டு வகை சொல்லுதுங்கீக!" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதற்குத்தான் அத்தையின் பதில். சொல்லிவிட்டு என் கன்னத்தைக் கிள்ளி, "என்ன மருமகளே, சரிதானே?" என்று சிரித்தாள். அத்தைக்குப் பிள்ளை கிடையாது. இருந்தாலும் தம்பி மகள் என்றால் மருமகள்தான்.

எங்கள் குடும்பத்தில் பத்திரத்துக்கும் மனுவுக்கும் பெருவிரலை மையில் முக்காத முதல் ஆள் நான். அந்தப் பெருமையோடு தெருவில் நடந்து வரும்போது வாசலிலேயே ஒரு விவகாரம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னோடு வீட்டுக்குள் வந்துவிட்டது.

ஏனென்றால் எங்கள் ஊரில் உப்பு என்ற ஒரே சொல்லுக்குள் பல சரக்கு இருந்தது. குழம்பில் போடுவது உப்பு. ஐயா பருத்திக்குப் போட்ட அமோனியா உரம், பார்க்க வெள்ளையாக இருந்ததால், அதுவும் உப்பு. சிவகாசி வெடிக் கம்பெனிகளுக்கு மூட்டை மூட்டையாகப் போகிற வெடியுப்பும் பேச்சில் வெறும் உப்புதான். வெடிமருந்து பற்றிக்கொள்ளவும் சீறவும் காரணம் அந்த உப்பு. "இன்னிக்கு உப்பு லோடு" என்று யாராவது சொன்னால் எங்கள் ஊரில் ஒருவருக்கும் சமையல் ஞாபகம் வராது.

அத்தையின் கணவர், என் மாமா, மாட்டுவண்டிக்காரர். ரயிலில் வந்து இறங்கும் சரக்கைக் கம்பெனிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. உப்பு லோடு இறக்கினால் காலிச் சாக்கு வண்டிக்காரருக்கு என்பது வழக்கம். நல்ல கெட்டிச் சணல் சாக்குகள். பருத்தி எடுக்கவும் தானியம் கட்டவும் அவை இல்லாமல் எங்கள் தெருவில் எந்த வீடும் நடந்ததில்லை. மாமா கொண்டுவந்து போடுவார், அத்தை எல்லா வீட்டுக்கும் பங்கு வைப்பாள். அதனால் தெருவில் அவள் பேச்சுக்கு ஒரு எடை உண்டு.

பங்கு வைக்கும்போதே ஒரு கட்டளையும் போடுவாள். "களுவாத சாக்கு வாசப்படி ஏறப்படாது."

இது வெறும் சுத்தத்துக்காகச் சொன்னதில்லை. வெடியுப்பு ஊறிய சாக்கில் அடுப்புப் பொறி ஒன்று பட்டால், அது எரிகிற மாதிரி எரியாது, சீறும். ஒரு வருஷம் ஒரு வீட்டில் பருத்தி அடைத்த சாக்கு அப்படிச் சீறிக் கூரையைப் பிடித்துவிட்டது. ஆள் சேதம் இல்லை. அதற்குப் பிறகுதான் அத்தை இந்தக் கட்டளையைப் போட்டாள். ஊரும் அதைக் கோயில் கட்டுப்பாடு போல மதித்தது. நல்ல கட்டளை. இன்றைக்கும் அதில் நான் குறை சொல்லமாட்டேன்.

சாக்கை ஊருணியில் கழுவுவார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊர்க் கிணறுகள் எல்லாம் சப்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிக்க ஊருணி ஒன்றுதான். அதற்குள் செருப்புக்காலோடு போகக்கூடாது, வெறுங்காலும் கடைசிப் படிக்குக் கீழே இறங்கக்கூடாது, மாடு கரை ஏறக்கூடாது. ஒரு வீட்டுப் புது மாப்பிள்ளை தெரியாமல் கால் கழுவிவிட்டார் என்று மாமனாரையே கூப்பிட்டுக் கண்டித்த ஊர் இது. அப்படிப்பட்டவர்கள் சாக்கை அதில் நனைப்பார்களா?

கழுவும் இடம் தனி. மாடு மேயும் மேட்டு நிலத்து மழைத்தண்ணீரை ஊருணிக்குக் கொண்டுவரும் வரத்து ஓடையை ஒட்டி ஒரு தட்டைப் பாறை. பக்கத்திலேயே ஒரு சப்புக் கிணறு. பெண்கள் அதில் இறைத்து, சாக்கைப் பாறையில் விரித்து, தண்ணீரை ஊற்றி ஊற்றி மிதிப்பார்கள். தண்ணீர் ஓடை மணலில் இறங்கி இருந்த இடம் தெரியாமல் போய்விடும். ஓடையில் தண்ணீர் வருவது ஐப்பசி மழைக்கு. சாக்குக் கழுவுவது வெயில் காலத்தில். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை. சம்பந்தம் உண்டு என்று யாருக்குத் தோன்றும்?

நான் ஊருக்கு வந்த அன்று சாயங்காலம் குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போனேன். அம்மா, "அங்கன போகாத" என்றார். போய்ப் பார்த்த பிறகுதான் ஏன் என்று தெரிந்தது. தண்ணீர் மேல் பச்சைச் சாந்து பூசிய மாதிரி ஒரு படலம். கரையோரம் சின்னச் சின்ன மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. அழுகின கீரைக்கட்டு நாற்றம். குடத்தைத் தோய்க்க மனசு வரவில்லை.

இது முதல் தடவை இல்லை என்பதுதான் விசேஷம். போன கோடையிலும் இப்படித்தான் ஆனது. அடிச் சேறுதான் காரணம் என்று ஊரே கூடித் தண்ணீரை இறைத்து, சேற்றை வெட்டி எடுத்தார்கள். விடுமுறைக்கு வந்திருந்த நானும் கூடை சுமந்தேன். ஐப்பசியில் நிரம்பியபோது கண்ணாடி போல இருந்ததாம். தை வரைக்கும் நன்றாக இருந்து, மாசி வெயிலில் பச்சை கட்ட ஆரம்பித்து, பங்குனியில் பழையபடி ஆகிவிட்டது. சேறு போயும் பச்சை போகவில்லை.

ஊருக்குச் சலிப்பு வந்துவிட்டது. யாரோ மருந்து கலந்துவிட்டான் என்று சிலர் சொன்னார்கள். சாமி குற்றம் என்று சிலர். பஞ்சாயத்துத் தலைவர் நியாயமான மனிதர்தான், அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. சித்திரைப் பொங்கல் முடிந்ததும் வரத்து ஓடையை மண் போட்டு அடைத்துவிடுவது, ஊருணியைக் கைகழுவிவிடுவது, புதுக் கிணறு கேட்டு மனுப் போடுவது என்று பேசி வைத்திருந்தார். அதுவரை பெண்கள் ரோட்டுக்கு அப்புறம் உள்ள அடுத்த ஊர் ஊருணிக்குப் போகவேண்டும்.

அம்மா ஏற்கனவே போய்க்கொண்டிருந்தார். தூரத்தை அவர் ஒரு பொருட்டாகச் சொல்லவில்லை. "அவுக ஊர் ஆளுக மொண்டு முடிக்கிற வரைக்கும் ஓரமா நிக்கணும்த்தா. நேத்து ஒரு சின்னப் புள்ள, 'இவுக ஊர்ல தண்ணிய என்ன செஞ்சு தொலைச்சாக'ன்னு கேக்குது" என்றார். அம்மா அப்படித் தலைகுனிந்து நான் பார்த்ததில்லை. கிணறு வெட்டினாலும் சப்புத் தண்ணீர்தான் வரும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வரத்தை அடைத்தால் எங்கள் ஊருக்கு நல்ல தண்ணீர் என்பதே முடிந்த கதை.

எனக்கு விடை கிடைத்தது பாறைக்குப் பக்கத்தில். அம்மாவோடு அடுத்த ஊருக்குத் தண்ணீருக்குப் போகும்போது அந்த வழியாகத்தான் போகவேண்டும். பழைய பருத்திச் சாக்கோடு வந்து விழுந்த விதையில் தானாக முளைத்த சில பருத்திச் செடிகள் அங்கே நின்றன. ஆள் உயரம். கரும்பச்சை இலை, கை அகலத்துக்கு. மற்ற நிலமெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடக்க, இது மட்டும் மாப்பிள்ளை கோலத்தில் நின்றது. கிளையை வளைத்துப் பார்த்தேன். ஒரு காய்கூட இல்லை.

இந்த மாதிரிச் செடியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எங்கள் நிலத்தில்தான். ஐயா முதல்முதலாக அமோனியா வாங்கிப் போட்ட வருஷம், சொன்ன அளவுக்குப் போட்டால் போதாது என்று இன்னொரு பங்கும் சேர்த்துப் போட்டார். செடி தழைத்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் கண்ணுபடும் என்றார்கள். பருத்தி எடுக்கப் போனால் இலைக்குள் பஞ்சைத் தேட வேண்டியிருந்தது. பிளாக் ஆபீசிலிருந்து வந்த கிராம சேவக் பார்த்துவிட்டு, "தழைச்சத்து கூடிப்போச்சு. செடிக்கு இலை போடுறதுலயே ஆயுசு போயிருச்சு" என்றார்.

அதைத்தான் பிறகு வகுப்பிலும் படித்தேன். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. மூன்றும் அளவாக இருந்தால் பயிர். ஒன்று கூடினால் மற்றது இருந்தும் பயனில்லை. எங்கள் விஞ்ஞான டீச்சர் பாளையங்கோட்டைக்காரர். வெடியுப்பில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் இருக்கிறது, ஆகவே அதை உரமாகவும் போடலாம் என்று ஒரு நாள் போகிற போக்கில் சொல்லியிருந்தார். சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகள் நாங்கள், "வெடியை வயல்ல போடலாமா டீச்சர்?" என்று சிரித்தோம்.

இப்போது பாறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மறுபடி சிரித்தேன். அம்மா திரும்பிப் பார்த்து, "என்னத்தா, வெயில் ஏறிருச்சா?" என்றார்.

மணலுக்குள் இறங்கிய தண்ணீர் போய்விட்டது. உப்பு போகவில்லை. வெயில் காலம் முழுக்க அது ஓடை மணலில் உட்கார்ந்திருந்து, ஐப்பசி மழை வந்ததும் கூடவே கிளம்பி ஊருணிக்குப் போயிருக்கிறது. அங்கே பருத்தி இல்லை, பாசி இருந்தது. பாசி தழைத்தது. தழைத்தது செத்து அழுகும்போது தண்ணீரில் மீனுக்கு மூச்சு இல்லாமல் போயிற்று. அந்தச் சில வருஷங்களில் சிவகாசியில் கம்பெனிகள் பெருகியிருந்தன. லோடும் பெருகியது, சாக்கும் பெருகியது. ஏன் முன்பு இல்லாத பச்சை இப்போது என்பதற்கும் அதுவே பதில்.

நேரே அத்தையிடம் போனேன். அங்கேதான் தப்புச் செய்தேன் என்று அம்மா சொல்வார். முதலில் ஐயாவிடம் சொல்லியிருக்க வேண்டுமாம்.

அத்தை முழுவதையும் கேட்டாள். எழுந்தாள். என்னையும் கூட்டிக்கொண்டு ஊருணிக்கு வந்து, பாசியை விலக்கி ஒரு விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள்.

"இதுலயா உப்பு? சக்கரையால்ல இருக்கு."

"நாக்குக்குத் தெரியிற அளவு இல்ல அத்தே. பாசிக்குத் தெரியும்."

"பாசிக்கு நாக்கு இருக்கா?"

"அத்தே..."

"இரு, நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. எருக்கஞ்செடி வேருல ஒரு கை உப்பைக் கொட்டிப் பாரு. என்ன ஆகும்?"

"கருகிரும்."

"அப்ப உப்புல பச்சை கருகுமா, விளையுமா?"

"அது வேற உப்பு அத்தே. இது வேற."

"உப்புல என்னடி அவுக வீட்டு உப்பு, இவுக வீட்டு உப்பு?" என்றாள். அதுவரை விளையாட்டாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். அப்புறம் அவள் முகம் மாறியது. "அப்ப ஊரு குடிக்கிற தண்ணியக் கெடுத்தவ நாந்தாங்கிற. அம்புட்டுத்தானே? படிச்சு வந்து மொதப் பாடம் அத்தைக்கா?"

அப்படிச் சொல்ல வரவில்லை என்றேன். அவள் காதில் விழவில்லை. அன்றிலிருந்து என்னை 'மருமகளே' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தெருவில் போகும்போது, "வாங்க டீச்சர், சாப்பிட்டீகளா?" என்று மரியாதையாகக் கேட்பாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேசி ஜெயிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. கண்ணால் காட்ட வேண்டும். ஐயாவிடம் சொல்லி, விருதுநகர் எண்ணெய்க் கடையிலிருந்து ஒரே மாதிரியான வெள்ளைக் கண்ணாடி பாட்டில் மூன்று வாங்கி வரச்சொன்னேன். அடுத்த ஊர் ஊருணியின் தெளிந்த தண்ணீரை மூன்றிலும் ஊற்றி, எங்கள் ஊருணித் தண்ணீர் ஒரு கரண்டி, தயிருக்கு உறை ஊற்றுவது போல, ஒவ்வொன்றிலும் விட்டேன். ஒன்றை அப்படியே வைத்தேன். ஒன்றில் சமையல் உப்பு. மூன்றாவதில் கழுவாத சாக்கை நனைத்துப் பிழிந்த தண்ணீர் கொஞ்சம். மாட்டுக் கொட்டகைச் சுவர் மேல் வெயிலில் வரிசையாக வைத்தேன். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. "ஊறுகாயா, சர்பத்தா?" என்று ஒருவர் கேட்டார். அத்தை மட்டும் வரவில்லை.

சித்திரைப் பொங்கல் முடிந்து ஊர்ப் பொட்டலான மந்தையில் கூட்டம் போட்டார்கள். வரத்தை யார் யார் வந்து அடைப்பது என்று ஆள் பிரிக்கத்தான் அந்தக் கூட்டம். பாட்டில்களைப் பனையோலைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். பெண்கள் நிற்கும் ஓரத்திலிருந்து முன்னால் வந்தபோது, "தலைவரே, பாப்பாவுக்கு ரெண்டு வார்த்தை பேசணுமாம்" என்று ஐயா சொன்னார். எனக்குக் கூட்டம் புதிது இல்லை. விடுதியில் எத்தனையோ தடவை மேடை ஏறியிருக்கிறேன்.

சாக்கையும் பாறையையும் மழையையும் சொல்லி, பாட்டில்களை வெளியே எடுத்து வைத்தேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். மற்ற இரண்டும் தெளிவாக இருக்க, சாக்குத் தண்ணீர் பாட்டில் பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் லேசான பச்சை. வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும். நான் எதிர்பார்த்த கடும்பச்சை வரவில்லை, ஏன் என்றும் எனக்குப் புரியவில்லை.

"இதுவா பச்சை? எம் பேரன் சட்டை இதைவிடப் பச்சையா இருக்கு" என்று ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது.

"படிச்ச கண்ணுக்குத்தான் தெரியும்போல" என்று இன்னொருவர்.

தலைவர் பரிவோடுதான் பேசினார். "பாப்பா, நீ நல்லதுக்குத்தான் சொல்லுத. ஆனா இதை நம்பி ஊரு இன்னொரு வருசம் காத்திருக்க முடியுமா?"

நான் பாட்டிலை மறுபடி வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தபோது பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. அத்தை வந்துகொண்டிருந்தாள். இரண்டு கைகளிலும் இரண்டு பாட்டில். நேரே வந்து என் பாட்டில்களுக்குப் பக்கத்தில் 'டொக்'கென்று வைத்தாள்.

ஒன்றில் கலங்கலான இளம்பச்சை. இன்னொன்று, எங்கள் ஊருணியையே பாட்டிலில் அடைத்த மாதிரி, அடர்ந்த பச்சை.

"இது ஏதுக்கா?" என்று ஐயா கேட்டார்.

"எல்லாம் உன் மக மேல உள்ள ஆத்திரத்துலதான்" என்றாள் அத்தை. பிறகு ஊரைப் பார்த்துச் சொன்னாள்: "சாக்கு காரணம்னு இவ சொன்னா. ஓடையில சாணிதான் காரணம், சாக்கு இல்லன்னு காட்டணும்னு நெனச்சேன். இந்தா, இதுல சாணி மட்டும். இதுல சாணியும் சாக்குத் தண்ணியும். ரெண்டும் ஒண்ணுபோல வரும், இவ வாயை அடைக்கலாம்னு கொல்லைல ஒளிச்சு வச்சேன். என்ன வந்திருக்குன்னு நீங்களே பாருங்க. நான் பொய் சொல்ல மாட்டேன்."

ஆளுக்கு ஆள் முன்னால் வந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்கோ ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. என் பாட்டில் ஏன் தழைக்கவில்லை என்பது அந்த நிமிஷம் புரிந்துவிட்டது.

"அத்தே சொல்றதும் சரி, நான் சொன்னதும் சரி" என்றேன். "சாணியில மணிச்சத்து இருக்கு. மேட்டு நிலத்துல மாடு மேயிறது நம்ம பாட்டன் காலத்துல இருந்து. வருசா வருசம் அந்தச் சாணி மளையோட ஊருணிக்கு வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு. அப்பல்லாம் தண்ணி கெடல. ஏன்னா பாசிக்கு இலையில சோறு இருந்துச்சு, கொளம்பு இல்ல. வெறுஞ்சோத்தை எம்புட்டுத் திங்க முடியும்? சாக்குத் தண்ணி கொளம்பு. அது வந்து சேந்ததும் பாசிக்கு விருந்தாயிருச்சு. என் பாட்டில்ல கொளம்பை மட்டும் ஊத்திட்டு சோத்தை வைக்க மறந்துட்டேன்."

விருந்து என்றால் எங்கள் ஊருக்கு விளக்கம் வேண்டாம். முதலில் சிரித்தவரே, "சரி, பந்தியை எப்படி எடுக்கிறது?" என்று கேட்டார்.

"சாணியை நிறுத்த முடியாது. சாக்கை நகத்தலாம்" என்றேன்.

அதற்குப் பிறகு நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. அத்தை எடுத்துக்கொண்டாள். சாக்கைக் கழுவாமல் இருக்க முடியாது, தீப்பிடிக்கும். ஆகவே ஓடைக்கு எதிர்ச் சரிவில், எங்கள் நிலத்து மூலையில் உள்ள கல்தொட்டியில் ஊறவைத்துக் கழுவுவது. கழுவின தண்ணீரைக் கிணற்றுத் தண்ணீரோடு கலந்து மாட்டுத் தீவனச் சோளத்துக்கு விடுவது. சோளத்தட்டைக்குத் தழைதானே வேண்டும். "பருத்திப் பக்கம் ஒரு சொட்டு போகப்படாது, எந் தம்பிக்குத் தெரியும் அந்தக் கதை" என்றதும் ஐயாவும் சேர்ந்து சிரித்தார். பாறையைச் சுற்றியுள்ள மேல்மண்ணிலும் மணலிலும் பழைய உப்பு இருக்கும், மழைக்கு முன் அதை வெட்டி எடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். வரத்தை அடைக்கப் பிரித்த அதே ஆட்களைத் தலைவர் அந்த வேலைக்கு அனுப்பினார். மாமாவின் வண்டி அந்த மண்ணை ஏற்றிக்கொண்டுபோய்க் காய்ந்து கிடந்த நிலங்களில் கொட்டியது. ஒரு மழை பார்ப்பது, சரிப்படாவிட்டால் அடுத்த சித்திரையில் வரத்தை அடைத்துவிடுவது என்று முடிவாயிற்று.

அந்தக் கோடையை எப்படியோ ஓட்டினோம். ஊருணியைத் தொடாமல், கரைக்கு வெளியே மணற்பாங்கான இடத்தில் ஊற்றுத் தோண்டிக் கொஞ்சம் எடுத்தோம், மீதிக்கு அம்மா அடுத்த ஊருக்குப் போனார். நானும் போனேன். ஓரமாக நின்றோம். "உங்க ஊர்ல சாக்கை எங்கன கழுவுறீக?" என்று நான் கேட்டதற்கு அந்த ஊர்ப் பெண்கள் ஏன் கேட்கிறாள் என்பதுபோலப் பார்த்தார்கள்.

ஐப்பசி மழை நல்ல மழை. ஊருணி நிரம்பியது. நிரம்பும்போது எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும், அதனால் யாரும் சந்தோஷப்படவில்லை. தை போயிற்று. மாசியில் நான் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இருந்தேன். ஐயா ஊரிலிருந்து விருதுநகர் சந்தைக்கு வந்தவர், வழியில் என்னைப் பார்க்க வந்தார். மடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். அதே எண்ணெய்க் கடைப் பாட்டில். தண்ணீரின் தெளிவில், பாட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர் விரல் ரேகை தெரிந்தது.

"நம்ம ஊருணித் தண்ணி. உங்க அத்தை குடுத்துவிட்டா. நீ நாக்குல வச்சுப் பாக்கணுமாம்."

நாக்கில் வைக்கவில்லை, முழுப் பாட்டிலையும் குடித்தேன்.

பங்குனி விடுமுறைக்குப் போனபோது அம்மா ஊருணிப் படியில் நின்று, அவசரமே இல்லாமல் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். பாசி அடியோடு இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு மூலையில் கொஞ்சம் இருந்தது, இருக்கவும் வேண்டும், மீனுக்கு அது வேண்டும். அத்தை எங்கள் நிலத்துத் தொட்டியடியில் வெளியூர்ப் பெண்கள் சிலருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நாந்தான் பாட்டில்ல வச்சுக் கண்டுபிடிச்சேன். எம் மருமகளும் கூட இருந்தா." நான் மறுக்கவில்லை. பாதி உண்மைதானே.

இப்போது சிவகாசிக்கு இன்னும் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். காலையில் கம்பெனி வண்டி வந்து பாதித் தெருவை ஏற்றிக்கொண்டு போகும். மீதித் தெரு சாக்குத் தைக்கும், தீப்பெட்டி ஒட்டும். இந்த ஊர் ஊருணி நான் வந்தபோது தெளிவாக இருந்தது. போன மாசத்திலிருந்து ஓரத்தில் பச்சை கட்டுகிறது. அதைப் பற்றிப் பேச்செடுத்தேன். தண்ணீர் எடுக்க வந்த ஒரு அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "ஏன் டீச்சர், பாசியும் படிக்க வந்திருக்கா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அத்தைக்கு ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மாமாவின் வண்டியில் வருகிறாள். பாட்டில் வைக்க அவள் வரும்வரை காத்திருக்கவில்லை. வகுப்புச் சன்னலில், வெயில் படும் பக்கம், நேற்றே வைத்துவிட்டேன். இந்த முறை சாணியை மறக்கவில்லை.